நாலு விரல் வெளியே

மலாக்காவின் காஜா பெராங் சாலையில் அந்த வியாழக்கிழமை காலை முப்பத்தேழு வாத்துகளுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து எட்டு மாதம் ஆகியும் தங்கள் கூடைக்கு மட்டும் அது வந்து சேரவில்லையே என்று அவை ஏங்கியிருக்க வேண்டும். கூடை உடைந்ததும் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். பாசார் முனையில் ஜீப்பை வலது பக்கம் ஒடித்தேன். ஸ்டியரிங் பாதி சுற்றியது. மீதிப் பாதியில் முன்சக்கரம் மட்கார்டில் 'கர்ரக்' என்று இடித்து நின்றுகொண்டது. திரும்பு என்கிறேன் நான். நேராகத்தான் போவேன் என்கிறது ஜீப். எங்கள் கருத்து வேறுபாட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது வாத்துக் கூடை.

கூடைக்காரி, தலைமுறைகளாக மலாய் பேசும் இந்துக்களின் ஊரான சிட்டிக் கம்பத்து அம்மாள். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். "மாத்தா லெத்தாக் டி மானா?" என்று கத்தினார். கண்ணை எங்கே வைத்தாய் என்று கேட்கிறார். கண்ணை வைத்த இடம் சரிதான், சக்கரத்தை வைத்த இடம்தான் தவறு என்று சொல்ல எனக்கு மலாய் போதவில்லை. வாத்துகளுக்குப் பின்னால் ஓடினேன்.

முப்பத்தாறைப் பிடித்தோம். முப்பத்தேழாவது, சாலையோரம் நின்றிருந்த ஒரு பெண்ணின் அக்குளில் இருந்தது. நூல் சேலை, செம்மண் ஒட்டிய கால். நெடுந்தூரம் நடந்து வந்தவள்.

"அண்ணே, இங்க துப்பு துலக்குற ஆபீஸ் ஒண்ணு இருக்காமே, எங்க?"

"எதுக்குத் தேடுறீங்க? வாத்து கிடைச்சிடுச்சே."

அவள் சிரிக்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்ததும் என் சிரிப்பும் பாதியில் நின்றுவிட்டது.

*

அந்த ஆபீசில்தான் நான் உதவியாளன். பெயர் அப்பாசாமி. தையல் கடைக்கு மேல்மாடி. ஆபீஸ் என்றால் சந்திரமதி அக்கா, ஒரு டைப்ரைட்டர், ஒரு கறுப்புக் குடை, நான். முக்கியத்துவ வரிசைப்படிதான் சொல்லியிருக்கிறேன்.

சந்திரமதி அக்கா மலாக்கா கோர்ட்டில் பதினெட்டு வருஷம் டைப்பிஸ்ட். சாட்சிகள் சொன்னதையெல்லாம் அடித்து அடித்து, பொய் எந்த வேகத்தில் வரும் என்பது அவர் விரலுக்கே தெரியும். "உண்மை சொல்றவன் ரெண்டு வரியில முடிச்சிடுவான். எனக்கு ரெண்டாவது தாள் சொருக வெக்கிறவன்தான் பொய் சொல்றவன்" என்பார். அதை நம்பித்தான் வேலையை விட்டுவிட்டு இந்தக் கடையைத் திறந்தார்.

வாத்தோடு நின்றவள் பெயர் ருக்மணி. புக்கிட் காதிலுக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு ரப்பர் தோட்டம். புருஷன் சுப்பையன், பன்னிரண்டு வருஷமாகத் தோட்டத்து ஜீப் டிரைவர்.

"ஞாயித்துக்கிழம மத்தியானம், அக்கா. மாரியம்மன் திருவிழா. தோட்டமே கோயில்ல. திரும்பி வந்து பாத்தா புகைக்கூடத்துல பதினாலு கட்டு ரப்பர் ஷீட்டைக் காணோம். பின்னால சேத்துக்காட்டுல ஜீப்பு போன தடம். எங்க தோட்டத்துல ஜீப்பு ஒண்ணுதான். ஸ்டியரிங்குல சங்கிலிப் பூட்டு. சாவி அவரு இடுப்புல. பொழுது சாயறதுக்குள்ள புடிச்சிட்டுப் போய்ட்டாங்க."

"அந்த நேரத்துல உன் வீட்டுக்காரர் எங்க இருந்தார்?"

"கோயிலுக்குப் பின்னால மாமரத்தடியில தூங்கினாராம்."

"பாத்தவங்க?"

"யாருமில்ல."

"ஞாயித்துக்கிழம புடிச்சிருக்காங்க. இன்னிக்கு வியாழன். நாலு நாள் என்ன பண்ணினே?"

அக்கா இப்படித்தான். வாத்தையும் சந்தேகிப்பார்.

"ஆபீஸ் கணக்கு எழுதுற சேதுபதி கிராணி வாயத் தொறக்காதன்னார். முதலாளிகிட்ட பேசி வெளியில கொண்டாந்துடுறேன்னார். நேத்து போய்க் கேட்டா, தோட்டத்து லயத்து வீட்டக் காலி பண்ணுங்கிறார். நாளைக்குக் காலையில கோர்ட்டு, அக்கா. குடியுரிமைக்கு மனு போட்டிருக்கார். கேஸ்ல தண்டனை விழுந்துட்டா மனுவத் திருப்பிடுவாங்க, கப்பல் ஏத்திடுவாங்கன்னு லயத்துல பேசிக்கிறாங்க. நாகப்பட்டினத்துல அவரு கப்பல் ஏறினப்ப அஞ்சு வயசு. அங்க இறங்கி யார் வீட்டுக் கதவத் தட்டுவார்?"

அக்கா குடையை எடுத்தார். குடையை எடுத்தால் வழக்கை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

மாடிப்படி இறங்கும்போது கேட்டார். "வாத்தை ஏன் இடிச்சே?"

"சக்கரம், அக்கா. செவ்வாய்க்கிழம ஹனீபா பாயோட பழைய இரும்புக் கடையில நாலு சக்கரம் வாங்கி மாட்டினேன். நல்லா வெளியில தள்ளி நிக்குது பாருங்க. வெள்ளக்காரத் துரை மோட்டார் காடி மாதிரி கம்பீரமா..."

"பிரேக்குக்குக் குடுத்த காசு?"

"அதுலதான்."

"கம்பீரமா நிக்காதுன்னா, கம்பீரமா இடிக்கட்டும்னு விட்டுட்டே."

ஜீப்பைக் கிளப்பினேன். முன் சீட்டில் அக்கா, பின்னால் ருக்மணி. புக்கிட் காதில் வரை ஒவ்வொரு வளைவிலும் ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால், மறுபடி முன்னால் என்று திருப்பிக்கொண்டே போனேன். நடுநடுவே சக்கரத்திலிருந்து 'கடக் கடக்' என்று ஒரு சத்தம். செவ்வாய்க்கிழமை முதல் தினமும் நட்டை இறுக்குகிறேன், தினமும் தளர்கிறது. எங்களை முந்திக்கொண்டு ஒரு சைக்கிள்காரர் போனார். அவர் பின்னால் ஒரு ஆடு கட்டியிருந்தது. ஆடுகூட என்னைத் திரும்பிப் பார்த்தது.

*

தோட்டத்து வாசலில் ருக்மணி இறங்கிக்கொண்டாள். ஆபீஸ் பக்கம் தலை காட்டக்கூடாது என்று கிராணியின் உத்தரவாம்.

சேதுபதி கிராணி எங்களை எழுந்து நின்று வரவேற்றார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா. அவர் தலைக்கு மேல் டிராக்டர் கம்பெனிக் காலண்டர். அதில் ஒரே டிராக்டர், இரண்டு படம். முதல் படத்தில் சக்கரங்கள் ஒடுங்கி நிற்கின்றன, அடுத்ததில் அகன்று நிற்கின்றன. கல்யாணத்துக்கு முன், கல்யாணத்துக்குப் பின் என்று நினைத்துக்கொண்டேன்.

"உக்காருங்கம்மா. கோப்பி கொண்டாரச் சொல்றேன். சுப்பையன் விஷயமா? பாவம்மா. நல்ல பையன். நானே அவன் மனுவுக்குக் கையெழுத்துப் போட்டேன். புத்தி ஏன் இப்படிப் போச்சுன்னு தெரியல. கடன் இருந்துச்சோ, கள்ளு இருந்துச்சோ. நான் குத்தம் சொல்லல. தடம் சொல்லுது. இன்ஸ்பெக்டர் வந்து டயர் அகலத்த அளந்தாரு. சேத்துல உள்ள தடமும் ஜீப்பு டயரும் ஒரே அகலம், ஒரே பல்லு. நான் என்ன பண்ண முடியும்?"

அக்கா என்னைப் பார்த்தார். இரண்டாவது தாள்.

"பூட்டுக்கு ரெண்டாவது சாவி?"

"அது தொலஞ்சு மூணு மாசமாச்சு. ஸ்டோர்ல தேடினோம், லயத்துல தேடினோம்..."

மூன்றாவது தாள்.

ஜீப் கொட்டகையில் நின்றது. இதுவும் என் ஜீப்பும் பட்டாளத்துக்காரன் ஏலத்தில் விட்டுப்போன ஒரே வகை. அக்கா சுற்றி வந்தார். பானட்டில் மஞ்சள் வட்டம், நடுவில் சிவப்புப் பொட்டு. பின்னால் தொங்கிய உபரிச் சக்கரத்திலும் அதே பொட்டு. ஓடுகிற நாலு சக்கரத்தில் எதுவும் இல்லை.

"இந்த நாலுக்கு மட்டும் பொட்டு இல்லையே?"

"சேத்துல ஓட்டிட்டு வந்து கழுவியிருப்பான்மா. சந்தனம் குங்குமம்தானே, தண்ணி பட்டாப் போயிடும்."

அக்கா குடையைத் தரையில் படுக்க வைத்தார். இடது சக்கரத்தின் நடுவிலிருந்து வலது சக்கரத்தின் நடு வரைக்கும் ஒன்றரைக் குடை. என் கால்சட்டைப் பித்தான்வரை அளந்து வைத்திருக்கும் கை அது, தப்பாது.

"என்னம்மா அளக்குறீங்க? அதான் இன்ஸ்பெக்டர் அகலத்த அளந்துட்டாரே!"

"அவர் டயரோட அகலத்த அளந்தார். நான் ரெண்டு டயருக்கும் நடுவுல உள்ள இடைவெளிய அளக்கிறேன். புருஷன் அளவு தெரிஞ்சாப் போதுமா கிராணி? பொண்டாட்டி எவ்வளவு தள்ளி நிக்கிறாள்னும் தெரிய வேணாமா?"

கிராணி சிரித்தார். ஆனால் மூன்று பேனாவையும் ஒவ்வொன்றாக எடுத்து, மறுபடி ஒவ்வொன்றாகச் செருகினார். இதை நான் குறித்துக்கொண்டேன். எழுதி வைக்கப் பேனா இல்லாததால் மனசில்தான்.

*

புகைக்கூடத்துக்குப் பின்னால் பாதை சரிவாக இறங்கிச் சேற்றுக்காட்டுக்குள் போகிறது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். பாரம் ஏற்றிய ஜீப் கொஞ்சம் சாய்ந்தால் பள்ளத்தில் குப்புறப் படுத்துவிடும். ருக்மணி வேலியைச் சுற்றி வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள்.

நாலு நாளாக மழை இல்லை. தடம் வெயிலில் காய்ந்து ஓடு மாதிரி கிடந்தது. அக்கா குடையைப் போட்டார். ஒன்றரைக் குடை போதவில்லை. கையை வைத்தார். எட்டு விரல் மிச்சம்.

"பக்கத்துக்கு நாலு விரல் அதிகம்" என்றார். "டயர் அகலம் ஒண்ணு. ஆனா நிக்கிற இடம் வேற. கொட்டகையில இப்ப நிக்கிற நிலையில அந்த ஜீப்பு போன தடம் இல்ல இது."

"அப்ப வேற ஜீப்பா அக்கா?" ருக்மணியின் குரல் ஒரு படி ஏறியது.

அக்கா பதில் சொல்லாமல் முன்னால் நடந்தார். கொஞ்ச தூரத்தில் பாதை ஒரு பெரிய மரத்தைச் சுற்றி வளைகிறது. அந்த வளைவில் தடம் ஒரே வீச்சில் திரும்பவில்லை. முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போயிருக்கிறது.

"சுப்பையன் பன்னெண்டு வருஷம் ஓட்டின பாதை. இந்த வளைவுக்கு மூணு தடவையா?" என்று முணுமுணுத்தார். "அப்பாசாமி, ஜீப்ப எடுத்துட்டு வா. நீ இதைச் சுத்து பாப்போம்."

எடுத்து வந்தேன். மரத்துக்குக் கீழே நிழலில் இன்னும் ஈரம் இருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். கர்ரக். பின்னால் வந்தேன். மறுபடி முன்னால். இறங்கி வந்து பார்த்தேன்.

பழைய தடத்துக்குப் பக்கத்தில் என் புதுத் தடம். முன்னால், பின்னால், முன்னால். அக்கா குடையைப் போட்டார். ஒன்றரைக் குடை, எட்டு விரல். பழைய தடத்தில் ஒரு டயர் இரண்டு அடிக்கு ஒருமுறை சேற்றில் ஒரு கீறல் விட்டிருந்தது, வாத்தியார் சரி போடுகிற மாதிரி. என் இடது முன் டயரும் அதே கீறலை அதே இடத்தில் போட்டிருந்தது. டயரில் இருந்த அந்த வெட்டைக் காட்டித்தான் ஹனீபா பாயிடம் இரண்டு வெள்ளி விலை குறைத்தேன்.

அக்கா நிமிர்ந்தார். அந்தப் பார்வையைப் பதினெட்டு வருஷம் மலாக்காவின் திருடர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

"அப்பாசாமி, ஞாயித்துக்கிழம மத்தியானம் நீ எங்க இருந்தே?"

"அக்கா!"

"கேள்விக்குப் பதில்."

"தூங்கிட்டு இருந்தேன்."

"பாத்தவங்க?"

"யாருமில்ல..." சொல்லும்போதே மாமரத்தடி ஞாபகம் வந்தது. தூங்குகிறவனுக்கு யார் சாட்சி வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள்? அந்த ஒரு நிமிஷத்தில், முகம் பார்த்தறியாத சுப்பையன் எனக்கு ரொம்ப வேண்டியவனாகிவிட்டான்.

"ரெண்டு வார்த்தையில முடிச்சே. நீ இல்ல. சக்கரத்தக் கழட்டு."

ஜாக்கி போட்டேன். நட்டுகள் கையாலேயே சுழன்று வந்தன. சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டதும், உள்பக்கத்துச் சேற்றை அக்கா குடை நுனியால் சுரண்டினார்.

மஞ்சள் வட்டம். நடுவில் சிவப்புப் பொட்டு.

"இது..." ருக்மணி மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். "இது நான் வெச்சதுக்கா. வருஷப் பொறப்புக்கு. ஒவ்வொரு தடவையும் சேத்துல அழிஞ்சு போகுதேன்னு, கோயிலுக்கு வாங்கின பெயிண்டுல மிச்சம் கேட்டு வாங்கி வெச்சேன். கடைசிச் சக்கரத்துல வழிஞ்சிருக்கும். அவரு நேரமாச்சுன்னு அவசரப்படுத்தினாரு."

நாலையும் கழற்றினேன். நாலாவதில் சிவப்பு ஒரு சொட்டு, கண்ணீர் மாதிரி கீழே வழிந்து காய்ந்திருந்தது.

"பெயிண்டு தண்ணியில போகாது" என்றார் அக்கா. "அது கிராணிக்குத் தெரியாது."

ருக்மணி சிவப்புச் சொட்டைத் தொட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அண்ணே, இது எங்க ஜீப்புச் சக்கரம். திருட்டுப் போனதும் இந்தச் சக்கரத்துல. நானே வாயால சொல்லிட்டேன். இது அவருக்கு நல்லதா, கெட்டதா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது நான் செய்வது ஒன்றே ஒன்று. "வாத்துக்கு நல்லது. இனிமே நான் நடந்துதான் போவேன்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்னை நானே ஒரு அறை விட்டுக்கொள்ளலாம்போல் இருந்தது.

அக்கா சக்கரத்தின் அஞ்சு ஓட்டையையும் விரலால் தடவினார். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டைகள் முட்டை மாதிரி நீண்டிருந்தன.

"ரெண்டு பேரும் கேளுங்க. சக்கரத்தோட நடுத்தட்டு வெளிப்பக்கத்த ஒட்டி இருக்கு. அதனால டயர் உள்ள தள்ளி, மட்கார்டுக்கு அடியில அடக்கமா நிக்கும். திருப்பிப் போட்டா டயர் வெளிய தள்ளி நிக்கும். பக்கத்துக்கு நாலு விரல். சரிவுல பாரத்தோட போனாலும் குப்புற விழாது. ஆனா ஒடிச்சா மட்கார்டுல இடிக்கும். அதோட, நட்டு மூக்கு உக்காரக் குழி வெட்டியிருக்கிறது ஒரு பக்கந்தான். திருப்பிப் போட்டா நட்டு உக்காராம ஆடும், ஓட்டை இப்படித் தின்னுடும். டிராக்டர்ல திருப்பிப் போடலாம், அதுக்குன்னே செஞ்ச சக்கரம். ஜீப்புல எந்த டிரைவரும் செய்ய மாட்டான்."

"நான் செஞ்சேனே" என்றேன். "சேத்தோட எப்படிக் கிடந்துச்சோ, அப்படியே மாட்டச் சொன்னேன். கம்பீரமா இருந்துச்சு."

"எந்த *டிரைவரும்* செய்ய மாட்டான்னு சொன்னேன்."

எனக்குக் காலண்டர் ஞாபகம் வந்தது. ஒடுங்கிய டிராக்டர், அகன்ற டிராக்டர். நாள் முழுக்க அதற்குக் கீழே உட்கார்ந்து பேனா பிடிக்கிற ஒருவர்.

"ரெண்டாவது சாவியால ஜீப்ப எடுத்தவன், ஓட்டை போன சக்கரத்த மறுபடி மாட்டினா காட்டிக்குடுத்துடும்னு பயந்தான். ஜனம் கோயில்லேருந்து வர்றதுக்குள்ள ஸ்டோர்ல இருந்த வேற நாலு சக்கரத்த மாட்டிட்டு, இத ஒளிச்சிட்டான். அப்புறம் வித்துட்டான்." அக்கா குடையை மடக்கினார். "இதெல்லாம் நாளைக்குக் கோர்ட்டுல கதைன்னு சொல்லிடுவாங்க. ஆனா ஒரே ஒரு விஷயம் கதை இல்ல. ஞாயித்துக்கிழம சாயந்தரத்துலேருந்து சுப்பையன் உள்ள இருக்கான். அப்பாசாமி, நீ செவ்வாய்க்கிழம மத்தியானம் வாங்கினப்ப இந்தச் சக்கரத்துல சேறு ஈரமா இருந்துச்சா?"

"கையெல்லாம் ஒட்டிச்சு."

"ஞாயித்துக்கிழமையே கடைக்கு வந்திருந்தா காஞ்சிருக்கும்; ஈரத்துல ஒளிச்சு வெச்சு அன்னிக்குத்தான் கொண்டாந்திருக்கான், அப்ப அவன் சுப்பையன் இல்ல. யாருன்னு ஒருத்தருக்குத் தெரியும்."

தெரிந்தவர் ஹனீபா பாய். அவரிடமிருந்து ஒரு பதிலை வாங்குவது, வாத்திடமிருந்து முட்டையைக் கேட்டு வாங்குகிற மாதிரி.

சக்கரங்களைச் சரியான பக்கம் திருப்பி மாட்டினேன். பொட்டு வெளியே தெரிந்தது. ஓட்டை முட்டையானாலும் நட்டு கொஞ்சம் உட்கார்ந்தது. காஜா பெராங் வரை நடக்கிற வேகத்தில் ஊர்ந்தோம். ஆனால் ஒரு வளைவில்கூட இடிக்கவில்லை. வழியில் அக்கா ஒன்றே ஒன்று சொன்னார்.

"இன்னிக்கு நீ கேளு. ஆனா ஒரு தடவையாவது சிரிக்க வெக்காம கேளு."

*

ஹனீபா பாயின் கடை பழைய இரும்பும் பழைய டயரும் ஆளுயரத்துக்கு அடுக்கிய ஒரு குகை. நடுவில் பெஞ்சு, பெஞ்சில் பாய். தலையில் தொப்பி, கட்டம் போட்ட கைலி, வெள்ளை முண்டா பனியன், இடுப்பில் அகலமான பச்சை பெல்ட்டு. சாயங்கால வெயில் டயர்களின் ஊடே கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது.

"வாங்க தம்பி. சக்கரம் எப்படி ஓடுது?"

"சுகமா ஓடுது பாய். யார் கொண்டாந்த சக்கரம்?"

"வெளிய தள்ளி நிக்குதுன்னு சந்தோசப்பட்டீங்களே, இப்பத் திருப்பி மாட்டியிருக்கீங்க?"

"இடிக்குது பாய். யார் கொண்டாந்தது?"

"இடிக்காம? அகலம் வேற, தள்ளி நிக்கிறது வேற தம்பி. இந்தா, என் பெல்ட்டு ஆறு இன்ச்சு. அது அகலம். அத இடுப்புல கட்டுறனா, தொந்திக்குக் கீழ கட்டுறனா, அதுதான் தள்ளல். பெல்ட்டு நல்ல பெல்ட்டுதான். கட்டுற எடம் தப்புன்னா கைலி நிக்குமா? காடிக்குச் சக்கரம் எடுக்குறவன் மொதல்ல நடுத்தட்ட பாக்கணும், அப்புறம் மட்கார்டு, அப்புறம் நட்டு உக்கார்ற குழி. நீங்க என்ன பாத்தீங்க? அழக பாத்தீங்க. டீ சொல்லவா?"

மூன்றாவது தாள், நாலாவது தாள். அக்கா டயர் நிழலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ருக்மணி கடைக்குள் வரவில்லை. ஜீப் பக்கத்தில், கடைசிச் சக்கரத்தின் சிவப்புச் சொட்டுக்கு அருகே நின்றிருந்தாள்.

எனக்குள் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. பாய்க்கும் இதில் பங்கு இருக்குமோ? பதினாலு கட்டு ஷீட் இந்த டயர்களுக்குப் பின்னாலேயே இருக்குமோ? எட்டிப் பார்த்தேன். ஒரு பூனையும் நாலு குட்டிகளும் இருந்தன.

"அங்க என்ன தேடுறீங்க?" பாயின் முகம் முதல் தடவையாகக் கறுத்தது. "முப்பது வருசமா கடை நடத்துறேன். திருட்டுச் சாமான் தெரிஞ்சு வாங்கினதில்ல. யார் கொண்டாந்தாங்கன்னு யார்கிட்டயும் சொன்னதுமில்ல. வித்தவன் பேரச் சொல்ற கடைக்கு நாளைக்கு எவன் வருவான்? ஜப்பான்காரன் காலத்துல கெம்பித்தாய் போலீசே வந்து கேட்டான். அப்பவே சொல்லல."

வாயில் ஒரு நல்ல கிண்டல் தயாராக வந்து நின்றது. அதை விழுங்கினேன். விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாய், புக்கிட் காதில் தோட்டத்துல ஞாயித்துக்கிழம ரப்பர் ஷீட் திருட்டுப் போயிருக்கு. இந்தச் சக்கரத்துலதான் போயிருக்கு. டிரைவர் சுப்பையன உள்ள வெச்சிருக்காங்க. நாளைக்குக் கோர்ட்டு. தண்டிச்சிட்டா குடியுரிமை கிடையாது, கப்பல்தான்னு பயப்படுறாங்க. வெளிய நிக்கிறது அவர் சம்சாரம். அந்தப் பொட்டு அவங்க கையால வெச்சது."

பாய் வெளியே பார்த்தார்.

"நீங்க பேர் சொல்ல வேணாம். நான் இப்ப போலீஸ் பாலாய்க்குப் போறேன். அந்தத் தடம் என் ஜீப்புச் சக்கரத்துதுன்னு சொல்லப் போறேன். அது பொய்யில்ல, அளந்து பாத்தாச்சு. என்னைப் புடிச்சு வெச்சாங்கன்னா, நாளைக்கு ஒரு நாளாவது சுப்பையன் கேஸ் நிக்கும். உங்ககிட்ட வாங்கினதுக்கு என்கிட்ட பில் கிடையாது. நீங்க விக்கவே இல்லன்னு சொன்னாலும் என்னால மறுக்க முடியாது. நான் தூங்கினதுக்கும் சாட்சி இல்ல." எழுந்தேன். "போறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை கேக்குறேன். யார் கொண்டாந்தது?"

அக்கா நிழலிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தார். என் திட்டம் அவருக்குத் தெரியாது. எனக்கே இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் தெரியாது.

பாய் தொப்பியைக் கழற்றினார். தலையைத் தடவினார். மறுபடி போட்டுக்கொண்டார். "ஓட்டை முட்டையாட்டம் இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் உங்களுக்கு வித்தேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு எழுந்து கடை வாசலுக்குப் போனார். ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்தார், ருக்மணியைப் பார்த்தார்.

அவர் திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"சேதுபதி கிராணி, தம்பி. செவ்வாக்கிழம காலையில ஒம்போது மணிக்கு. நாளைக்குக் கோர்ட்டுல வந்து நானே சொல்றேன்."